நவம்பர் 9 – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு மேல்நிலைப்பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். காலை அசெம்பிளியில் தினமும் ஐந்து நிமிடம் 'வரலாற்றில் இன்று' வாசிக்க வைக்கிறேன். நவம்பர் 9-க்குத் தகவல் திரட்டியபோது அசந்துபோனேன். 1848-இல் ராபர்ட் ப்ளூம் சுட்டுக்கொல்லப்பட்டது, 1918-இல் ஜெர்மனி குடியரசானது, 1923-இல் ஹிட்லரின் முனிச் கலகம், 1938-இல் யூதர்கள் மீதான தாக்குதல், 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது, எல்லாமே அதே நாளில்! ஜெர்மானியர்களே இதை 'விதியின் நாள்' என்கிறார்களாம். ஒரு தேதிக்கு இப்படிச் சக்தி உண்டா? ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்ததும் இப்படித்தானா? இத்தகைய தேதிகளைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறதா?

ம., கரூர்

அன்புள்ள ம.,

தினமும் பிள்ளைகளை நிற்க வைத்து வரலாறு வாசிக்கச் சொல்லும் ஆசிரியரை நினைத்தாலே மனம் நிறைகிறது. அந்த உரிமையில்தான் கொஞ்சம் கடிந்துகொள்ளவும் போகிறேன்.

ஷேக்ஸ்பியரை முதலில் முடித்துவிடுவோம். இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை. ஸ்பெயின் 1582-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. ஷேக்ஸ்பியரின் 1616 ஏப்ரல் 23, ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் இறந்ததோ ஏப்ரல் 22. மறுநாள் அடக்கம்.

தேதியின் சக்தி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதே 366 தேதிகள். எதைத் தோண்டினாலும் நாலைந்து பெரிய சம்பவங்கள் கிடைக்கும்.

சரிபார்க்கும் வழி கேட்டீர்கள். முதலில் எந்த நாட்காட்டி என்று பாருங்கள். ஜூலியன் தேதியோடு 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்ட வேண்டும். அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13. எல்லோரும் தவறுவது இங்கேதான். ரஷ்யப் புரட்சியின் அக்டோபர் 25 நவம்பர் 7 ஆனதைப் பார்த்துவிட்டு, எல்லா நூற்றாண்டுக்கும் 13-ஐயே கூட்டிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பழைய ஆவணம் என்றால் ஆண்டையும் பாருங்கள். 1752-க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட 1649 ஜனவரி 30, அன்றைய தாள்களில் 1648 என்றுதான் இருக்கும்.

அடுத்து, எந்த ஊர்க் கடிகாரம்? ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கத் தொடங்கியது பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கும் முன்பு. ஆனால் மலாயாவில் அது 1941 டிசம்பர் 8, ஹவாயில் டிசம்பர் 7. தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் முன்னது பின்னதாகிவிடும்.

மூன்றாவது, அந்தத் தேதியில் நடந்த செயல் எது? வாக்கெடுப்பா, கையெழுத்தா, அறிவிப்பா, நடைமுறைக்கு வந்ததா? அமெரிக்க விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் தேதி சரியாகிவிடும். ஆனால் உங்கள் பட்டியலின் கோளாறு தேதியில் இல்லை. கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருந்த விஷயம் இது, உங்கள் கடிதம் அதைத் தொட்டுவிட்டது. ஐந்து சம்பவங்களையும் ஒரே கயிற்றில் கோத்து 'அதிசயம்' என்கிறீர்களே, எது எதோடு சேர்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? சில தற்செயலாக வந்து விழுந்தவை. சிலவற்றை மனிதர்கள் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். வரலாற்று ஆசிரியர் இதைப் பிரித்துக் காட்டாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் அவர் வகுப்புக்கும் என்ன வித்தியாசம்?

1918-இலிருந்து வருவோம். தலைமை அமைச்சர் மாக்ஸ் வான் பாடன், மன்னர் முடிதுறந்துவிட்டார் என்று அன்று நண்பகல் வாக்கில் அறிவித்தார். மன்னர் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. அவர் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் படைத் தலைமையகத்தில் இருந்தார், முறைப்படி கையெழுத்திட்டது நவம்பர் 28-இல்தான். பிற்பகல் இரண்டு மணிவாக்கில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் நாடாளுமன்றச் சன்னலில் நின்று குடியரசை அறிவித்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனையிலிருந்து இன்னொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை அறிவித்தார்.

அந்தக் குடியரசை உண்டாக்கியவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பெயர் வைத்துத் திட்டியே ஹிட்லர் வளர்ந்தார். 1923-இல் முனிச் பீர் கூடத்தில் அவர் நுழைந்தது 8-ஆம் தேதி இரவு, பவேரியாவின் ஆட்சியாளர் குஸ்டாவ் வான் கார் அங்கே பேசிக்கொண்டிருந்தபோது. 9-ஆம் தேதி நண்பகல் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. நாஜிகள் தரப்பில் 16 பேர், போலீஸார் 4 பேர் செத்தார்கள். கலகம் அத்தோடு முடிந்தது.

தேதி பிழைத்துக்கொண்டது. 1933-இல் ஆட்சிக்கு வந்ததும் அந்த 16 பேரையும் தியாகிகளாக்கினார்கள். வருடந்தோறும் 8-ஆம் தேதி இரவு அதே கூடத்தில் ஹிட்லரின் பேச்சு, 9-ஆம் தேதி அதே வழியில் ஊர்வலம். திருவிழா மாதிரி நாள் குறித்து நடந்தது. கட்சியின் மூத்தவர்கள் ஜெர்மனியெங்கும் இருந்து முனிச்சுக்கு வந்தாக வேண்டும்.

இப்போது 1938-ஐப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை ஜெர்மனி எல்லைக்கு அப்பால் விரட்டியது. ஹானோவரில் வாழ்ந்த ஒரு குடும்பமும் அதில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் எல்லையிலிருந்து பாரிஸில் இருந்த தம்பிக்கு ஒரு தபால் அட்டை போட்டாள். அந்தத் தம்பி, 17 வயது ஹெர்ஷல் க்ரின்ஷ்பான், நவம்பர் 7-இல் ஜெர்மன் தூதரகத்துக்குப் போய் அதிகாரி வோம் ராத்தைச் சுட்டான். ஹெஸ்ஸன் பகுதியில் அன்றே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. வோம் ராத் இறந்தது 9-ஆம் தேதி மாலை. முனிச் பழைய நகர்மன்றத்தில் ஆண்டு விழா விருந்துக்குக் கூடியிருந்தவர்களுக்கு இரவு செய்தி வந்தது. ஹிட்லர் தன் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸிடம் பேசிவிட்டுக் கிளம்பினார். பத்து மணிவாக்கில் கோயபல்ஸ் பேசினார். கட்சியின் மாகாணத் தலைவர்களும், எஸ்.ஏ. எனும் நாஜி அடியாள் படையின் தளபதிகளும் எழுந்து போய்த் தத்தம் ஊருக்குப் போன் போட்டார்கள்.

இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வேறொரு இரவில் அந்த ஆட்கள் நாடெங்கும் அவரவர் வீட்டில் இருந்திருப்பார்கள். அன்று எல்லோரும் ஒரே கூடத்தில், குடித்து, பழைய பகையைப் பேசிக்கொண்டு இருந்தார்கள். காரணம் 1923. நாடு முழுவதும் அத்தனை வேகமாக நெருப்பு பரவியதில் அந்த ஆண்டு விழாவுக்குப் பங்கு உண்டு. யூதர்களின் 1,400-க்கு மேற்பட்ட ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன அல்லது இடிக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். பிறகு யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதமும் போட்டார்கள். இதை 'விதி' என்று பத்து வயதுப் பிள்ளை வாயால் மைக்கில் சொல்ல வைக்காதீர்கள், ம. டெலிபோனை எடுத்தவர்களுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது.

அந்தத் தேதிப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்ட இன்னொருவரும் உண்டு. கேயார்க் எல்ஸர், தச்சுத் தொழிலாளி. அடுத்த வருடமும் ஹிட்லர் நவம்பர் 8 இரவு அதே மேடையில் நிற்பார் என்று அவருக்குத் தெரியும். கூடத்தைப் பூட்டும்முன் உள்ளே ஒளிந்துகொண்டு, முப்பதுக்கு மேற்பட்ட இரவுகள் மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து குண்டு வைத்தார். 1939-இல் அது குறித்தபடி 9:20-க்கு வெடித்தது. மூடுபனியால் விமானத்தை விட்டு ரயிலைப் பிடிக்க ஹிட்லர் 13 நிமிடம் முன்பே வெளியேறியிருந்தார். உங்கள் பட்டியலில் எல்ஸர் இல்லை, ஒரு நாள் முந்திவிட்டார் என்பதால்.

1989 தலைகீழ். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வெளியே போவதற்கான புதிய பயண விதியை 10-ஆம் தேதி விடிகாலை நான்கு மணிக்குத்தான் வெளியிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதைப் பேசி முடித்த இடத்தில் ஆளுங்கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி இல்லை. கையில் கொடுத்த தாளை மாலைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி அதைத் தலைப்புச் செய்தியாக்கியது. பெர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் சாலைச் சாவடியில் முதலில் சத்தம் போட்டவர்களை மட்டும் வெளியே விட்டார்கள், திரும்பி வர முடியாதபடி அடையாள அட்டையில் அவர்கள் படத்தின் மேலேயே முத்திரை குத்தி. கூட்டம் அடங்கவில்லை. 11:30 மணிவாக்கில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி தடுப்பைத் திறக்கச் சொன்னார். தாளில் இருந்தபடி நடந்திருந்தால் அது நவம்பர் 10-இல் போய் விழுந்திருக்கும்.

ஜெர்மனி தேசிய நாளாக நவம்பர் 9-ஐ எடுத்துக்கொள்ளவில்லை, அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டது. 1938 நடந்த தேதியில் பட்டாசு வெடிக்க முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

உங்கள் அசெம்பிளிக்கு வருகிறேன். நவம்பர் 9 அன்று 1923-ஐயும் 1938-ஐயும் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று. 1989-க்கு வகுப்பில் தனியாக ஒரு பாடவேளை கொடுங்கள். ப்ளூம் ஃப்ராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத்தின் உறுப்பினர். உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு இருந்தும் வியன்னாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரைப் பற்றி மட்டும் மறுநாள் காலையில் ஐந்து நிமிடமும் வாசிக்கட்டும். தேதி ஒரு நாள் பிந்தினால் குடிமுழுகிவிடாது.