நோட்டீஸில் இருக்கிற பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள், அண்ணாச்சி

அண்ணாச்சி, போன சனிக்கிழமை நீங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போன வழவழ நோட்டீஸ் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. ‘பி.டெக். கேன்சர் பயாலஜி அண்ட் இம்யூனோதெரபி’. நாலு வருஷத்துக்கு 18 லட்சம், விடுதி தனி. அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கிறாள். உற்றுப் பாருங்கள், மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரியவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருப்பேன், உங்கள் மகள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்ட அந்த ஊசியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள் அவள். கீமோவும் கரண்ட் வைப்பதும் மட்டும் தெரிந்த குடும்பத்தில், முடி கொட்டாமல் ஒரு வைத்தியம் நடந்தால் அந்த வயதில் யாருக்கும் ஆர்வம் வரும். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “இதுல வேலை கிடைக்குமா சார்?” மதினி வரவில்லை. ஆனால் அவர் சொல்லி அனுப்பியதையும் சொன்னீர்கள்: கேன்சரைப் படிக்கணும்னா டாக்டராகத்தான் ஆகணும், இந்த வருஷம் நீட் போனால் அடுத்த வருஷமும் எழுதட்டும். மூன்று பேருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அந்த ஊசியிலிருந்தே தொடங்குகிறேன். நோட்டீஸில் இம்யூனோதெரபி என்று போட்டிருப்பது இந்த வகை வைத்தியத்தைத்தான். நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு இருக்கிறது. அந்நியமாக எதைக் கண்டாலும் அழிப்பது அதன் வேலை. அது வெறிபிடித்து நம் உடம்பையே தாக்கிவிடாமலிருக்க, அதற்கு பிரேக்கும் உண்டு. புற்றுக்கட்டி செய்கிற தந்திரம், அந்த பிரேக்கைப் போய் அழுத்திக்கொள்வது. காவலாளி பக்கத்திலேயே நிற்பான், கை ஓங்க மாட்டான். கட்டியை நேராகத் தாக்குவதற்குப் பதிலாக, அந்த பிரேக்கை விடுவித்தால் என்ன என்று யோசித்தார்கள் இருவர்: அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ. அலிசன் ஆராய்ந்த பிரேக்கின் பெயர் சி.டி.எல்.ஏ.-4, ஹோன்ஜோ கண்டது பி.டி.-1. முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. 2018-இல் இருவருக்கும் மருத்துவ நோபல். மதினியிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: ஹோன்ஜோ மருத்துவம் படித்தவர். அலிசன் மருத்துவர் அல்ல, ஆய்வகத்தில் பி.எச்.டி. செய்தவர். நோபல் குழு இரண்டு பேரையும் ஒரே மேடையில்தான் ஏற்றியது.

இன்னொரு வகை சிகிச்சை இருக்கிறது. நம் பிள்ளைக்கு அதில்தான் அதிக வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கார்-டி என்பார்கள். இதில் மருந்து பாட்டிலில் வருவதில்லை, நோயாளியின் உடம்பிலிருந்தே வருகிறது. அவருடைய ரத்தத்திலிருந்து டி செல்லை மட்டும் ஓர் இயந்திரம் பிரித்தெடுக்கும். கெடுதல் செய்ய முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸை வைத்து, அந்தச் செல்லுக்குள் புதிய மரபணு ஒன்றை நுழைப்பார்கள். அதன்பின் புற்று அணுவின் மேலிருக்கும் அடையாளத்தைச் செல் தானே கண்டுபிடிக்கும். அதைக் கோடிக்கணக்கில் பெருக்கி, சோதித்து, உறையவைத்து, அதே ஆளுக்குத் திருப்பி ஏற்றுவார்கள். ஒருவருக்குச் செய்த மருந்து இன்னொருவருக்கு ஆகாது. உங்கள் கடைப் பாஷையில் சொன்னால், ரெடிமேட் சரக்கு கிடையாது, எல்லாமே ஆர்டருக்குச் செய்வது.

இதில் எத்தனை கை படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். செல்லைப் பிரிக்கும் இயந்திரத்தை ஓட்ட ஒரு டெக்னீஷியன். வைரஸைத் தயாரிக்கத் தனி அணி. தூசு புகாத அறையில், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் செல் வளர்க்கிற ஆட்கள். பையில் கிருமி இல்லை, மாறின செல் இத்தனை சதவீதம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் தரக்கட்டுப்பாட்டுக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பை வெளியே போகாது. காகிதம் எழுத, அரசின் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேறு ஆட்கள். உறைந்த பையைக் குளிர் குறையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியில்தான் டாக்டர் வருகிறார். எம்.பி.பி.எஸ். முடித்தவர் அந்த வரிசையில் கொஞ்சம் பேர்தான்.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். 2017-இல் அங்கே முதல் கார்-டி மருந்து வந்தபோது விலை 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் அங்கேயுள்ள டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்களும் சேர்ந்து இங்கேயே ஒன்றை உருவாக்கினார்கள். பெயர் நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை சில பத்து லட்சங்கள். நமக்கு அதுவும் மலைதான், ஆனால் அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்கு. பெங்களூரிலும் இம்யூனீல் என்ற நிறுவனம் இதைச் செய்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகளின் ரத்த மூலச் செல்லில் மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அது புற்றுநோய் இல்லை, ஆனால் கைவேலை கிட்டத்தட்ட ஒன்றே. அங்கே பழகிய கைக்கு இங்கேயும் வேலை உண்டு.

ஆய்வு என்றாலே ஏதாவது புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் இதையும் அவளிடம் சொல்லுங்கள். பெரியம்மாவுக்குப் போட்ட ஊசி வகையில் நிவோலுமாப் என்று ஒரு மருந்து. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதை வாங்க வசதியுள்ளவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. டாடா மெமோரியல் மருத்துவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தால் என்ன ஆகும்? தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டைத் தாண்டியவர்கள் 16.3 சதவீதம். அதோடு இந்தச் சின்ன அளவு ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். முழு அளவோடு வைத்துப் பார்த்த சோதனை அல்ல இது. ஆனால் முழு அளவை நினைத்தும் பார்க்க முடியாத குடும்பத்துக்கு அது ஒரு வழி. புது மருந்து எதுவும் இதில் வரவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள், நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள், கணக்கை ஒழுங்காகப் போட்டார்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளர், மருந்தாளுநர், புள்ளியியல் படித்தவர் என்று எல்லாருடைய உழைப்பும் அதில் இருக்கிறது.

கட்டியின் மரபணுவைப் படித்து ஆளுக்கேற்ற மருந்து கொடுப்பது மூன்றாவது பக்கம். நுரையீரல் புற்றுநோயென்றால் இன்றைக்குப் பல சமயம் முதலில் மரபணுச் சோதனைக்குத்தான் அனுப்புகிறார்கள். எந்த மாத்திரை என்பது அதன் பிறகு. சோதனைக் கருவி கக்குகிற மரபணு எழுத்துகளைப் பிரித்துப் படிப்பது கம்ப்யூட்டர் தெரிந்த உயிரியலாளரின் வேலை. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்பு மார்பகப் புற்றுநோயாளிகளின் 480 மாதிரிகளைப் படித்துச் செய்தது. “கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்ருவோமா” என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை இரவு பதினோரு மணிக்குத் தானாக எதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள் என்று கவனித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இப்போது வழி. அவள் எடுத்திருப்பது பயோமேத்ஸ். அவள் கையிலிருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் வரும், ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. கணக்கை விட்டுவிட்டு நீட்டுக்கு மட்டும் படித்த பிள்ளைகள் அங்கே திணறுவார்கள். திருவனந்தபுரம் ஐசர் நம் கோவில்பட்டிக்குக் கிட்டத்தில்தான், ரயில் ஏறினால் பகலிலேயே போய்ச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நாலு வருஷ பி.எஸ். இருக்கிறது, அதற்கும் இதே தேர்வு மதிப்பெண்தான். நீட்டுக்குப் படிப்பதே முக்கால்வாசி இதற்கும் உதவும். தனியாக உட்கார வேண்டியது கணக்குக்கு மட்டும்.

அது கிடைக்காவிட்டால் நல்ல அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் வேதியியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி என்று ஒரு சாதாரண பி.எஸ்ஸி. பெயர் சாதாரணமாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அங்கிருந்து ஜாம், கேட்-பி (பயோடெக் மேல்படிப்புக்கானது) என்ற நுழைவுத் தேர்வுகள் எழுதி எம்.எஸ்ஸி.க்குப் போகலாம். ஜாம் எழுதினால் ஐ.ஐ.டி.கள் திறக்கும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை நம் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கொண்டு பி.எச்.டி. என்றால் நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியலின் ஆய்வு மையம் ஆக்ட்ரெக். மருந்துப் பக்கம் மனம் போனால் ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பு, ஆறு வருஷம், நீட் தேவையில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கத்தி எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு அது பொருத்தம்.

டாக்டர் வழியை மூடிவிடச் சொல்லவில்லை. நீட்டை முழு மனசோடு எழுதட்டும். மதினி கணக்கு மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும்: எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். மூன்று. நடுவில் நுழைவுத் தேர்வுக்கு உட்காருகிற வருஷங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை வருஷம். பிள்ளைக்கு நோயாளியின் படுக்கைப் பக்கம் நிற்பதில் விருப்பமா, செல்லைப் பார்ப்பதில் விருப்பமா என்று தெரியாமல், ஒரு வருஷம் வீட்டில் இருத்தி மறுபடி எழுதவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இங்கே ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் பயோடெக் என்றால் பறந்துகொண்டிருந்த காலம். நானும் ஏழெட்டுப் பிள்ளைகளை ஒரு தனியார் கல்லூரிக்குக் கைகாட்டி அனுப்பினேன். செல் வளர்க்கும் பெட்டி நாலு வருஷமும் துணி போர்த்தியபடியே இருந்ததாம். ஆய்வுக்கூடத்தில் கை வைக்காமலேயே பட்டம் வாங்கி வந்தார்கள், பெரும்பாலானவர்கள் கால் சென்டருக்குப் போனார்கள். அதிலொரு பெண் பத்து வருஷம் கழித்து என்னைக் கல்யாண வீட்டில் பார்த்து, “நல்லா இருக்கீங்களா சார்” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம், எந்தக் கல்லூரியானாலும் போய் அந்தப் பெட்டி ஓடுகிறதா என்று கேட்பது.

நீங்களும் அந்த நோட்டீஸ்காரர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை எண்ணி வகை பிரிக்கிற கருவி) இருக்கிறதா, போன மாதம் அதைத் தொட்ட மாணவர் யார்? மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசலாமா? இந்தப் படிப்பில் ஒரு பேட்சாவது வெளியே வந்திருக்கிறதா? மூன்றாவதுக்கு அவர்கள் பேச்சை மாற்றினால், நீங்கள் டீ குடித்துவிட்டு எழுந்துவிடலாம். இளங்கலையிலேயே இவ்வளவு குறுகிய பெயர் வைத்த படிப்பு, பிள்ளை மனசு மாறினால் வேறு பக்கம் திரும்புவதைக் கஷ்டமாக்கும்.

காசு விஷயத்தை நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டீர்கள், நானே சொல்கிறேன். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. முடித்து ஆய்வகத்தில் சேர்ந்தால் முதல் சம்பளம் ஐ.டி.க்குப் போன பக்கத்து வீட்டுப் பையனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தீபாவளிக்கு அது உறுத்தும். பி.எச்.டி.க்குப் போய் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000. ஐந்து வருஷம் வரை அதில் ஓட்ட வேண்டும், வீட்டிலிருந்து கேட்க வேண்டியதில்லை. அதற்கப்புறம் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, அரசு அனுமதி வேலைகளில் அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும். ஆனால் பெரும்பாலான வேலை ஹைதராபாத், பெங்களூர், மும்பையில். பிள்ளையைத் தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் மனசுக்குள் வைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு கதை மட்டும். 2012-இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுக் குழந்தைக்கு கார்-டி கொடுத்தார்கள். செல்கள் வேலை செய்தன, அளவுக்கு மீறி. காய்ச்சல் ஏறி, மூச்சுக் கருவியில் வைத்துவிட்டார்கள். ரத்தத்தில் ஒரு பொருள் கன்னாபின்னாவென்று கூடியிருப்பதைப் பார்த்ததும், ஆய்வுத் தலைவர் கார்ல் ஜூனுக்கு ஒரு மூட்டுவாத மருந்து ஞாபகம் வந்தது. அவருடைய மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்தை அவர் அறிந்திருந்தார். புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத மருந்து. கொடுத்தார்கள், எமிலி பிழைத்தாள், பத்து வருஷம் கழிந்தும் நோய் திரும்பவில்லை. ஒரே பாடத்தை மட்டும் படிக்கிறேன் என்று பதினேழு வயதில் அடம்பிடிக்கும்போது, இந்தக் கதையை ஒருதடவை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஐசர் தேர்வு விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று அவளே இணையத்தில் பார்த்து, தேதியைக் காலண்டரில் குறிக்கட்டும். பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிக்கொண்டு வரட்டும். மார்க் எவ்வளவானாலும் திருத்தாமல் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் இருப்பேன். இந்தத் தடவை மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டீஸை அவருக்கு நான் காட்ட வேண்டும்.