58 வயதில் ஓட்டப் பழகியவருக்கு எந்தப் பழைய கார் சரிவரும்?

58 வயதில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன், முதல் காரைப் பழையதாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். நான் சொல்வது ஏஎம்டி கியர் (தானாகவே கியர் மாறும் வகை) உள்ள மாருதி வேகன்ஆர். கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை. சீட் உயரம் என்பதால் முழங்காலை மடக்கிக் குனிந்து ஏற வேண்டாம், சாலையும் நன்றாகத் தெரியும். மேட்டில் கிளம்பும்போது சற்றுப் பின்னால் உருளலாம், ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கப் பழகுங்கள்.

வண்டியைக் காலையில், இன்ஜின் சூடாகும் முன்பே போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது வேண்டவே வேண்டாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. ஓடிய தூரத்தை மீட்டர் குறைவாகக் காட்டி, டயர் மட்டும் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்; மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம். அப்புறம், ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கி தரும் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லைச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.