குறை வைக்கவில்லை

அன்புள்ள ஐயா,

வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தன. போன மாதம் ஒன்று இறந்துவிட்டது. அன்றிலிருந்து மற்றது மூலையிலேயே கிடக்கிறது. தீனி, தண்ணீர், சுத்தமான கூண்டு, எதிலும் நான் குறை வைக்கவில்லை. இது துக்கமா, இல்லை மூளையில் நடக்கும் வெறும் ரசாயன மாற்றமா? பக்கத்தில் ரேடியோ வைத்தால் சரியாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரேடியோவை விடுங்கள். துக்கமா ரசாயனமா என்பதும் எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. நாம் அழும்போதும் மூளையில் ரசாயனம்தான் ஓடுகிறது. அதனால் அழுகை பொய்யாகிவிடுமா? என்னை உறுத்தியது அந்தக் 'குறை வைக்கவில்லை'தான்.

என்னிடம் ஒரு ஜோடி பட்ஜிக் கிளிகள் இருந்தன. பெட்டை செத்ததும், யாரோ சொன்னார்கள் என்று கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட்டேன். ஆண்கிளி நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். தலையை ஆட்டி ஆட்டி, தின்ற தினையைக் கக்கி, கண்ணாடிக்குள் தெரியும் அலகுக்கு ஊட்டப் பார்க்கும். ஈரத் தினை கண்ணாடியில் ஒட்டிக் காயும். தினமும் காலையில் அதை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு, கிண்ணத்தில் புதுத் தினை நிரப்புவேன். குறை வைக்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

1960-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர், ரீசஸ் குரங்குக் குட்டிகளை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தனியே அடைத்து வளர்த்தார். பாலுக்குக் குறைவில்லை. வெளியே விட்டபோது அவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன. 2018-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளை இரண்டு வாரம் தனியே வைத்தார்கள். மூளையின் பல பகுதிகளில் டாக்கிகைனின் என்ற ரசாயனம் கூடியது. பயம் சீக்கிரம் தணியவில்லை. புதிதாக வந்த எலிமீது பாய்ந்தன. அந்த ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் அடங்கின. இதைப் படித்துவிட்டு என்னிடம் மருந்துப் பெயர் கேட்காதீர்கள்! அந்த எலிகளுக்கும் தீனி வேளாவேளைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

உங்கள் முயல்கள் இரண்டும் இருந்தபோது ஒன்றின் நெற்றியை மற்றது நக்கிக்கொடுத்ததைப் பார்த்திருப்பீர்களே? அதை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? கூண்டைத் துடைத்ததை எழுதினீர்கள், இதை எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது மூலையில் கிடப்பதைக் கவனித்து எழுதியவர் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

தீனியை அது தொடவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், முயலுக்கு அது ஆபத்து. அப்புறம் இன்னொரு முயலைத் தேடுங்கள். சட்டென்று உள்ளே விட்டால் கடித்துக்கொள்ளும். நடுவே கம்பிவலை வைத்து, முதலில் மோப்பம் பிடிக்க விடுங்கள்.

ஹார்லோவின் குரங்குகளைப் பின்னால் ஓரளவு மீட்டவை மூன்று மாதக் குரங்குக் குட்டிகள். சண்டைக்குப் போகாமல், நேராகப் போய் அவற்றை ஒட்டிக்கொண்டன.

என் கிளிக்கு நான் துணை கொண்டுவர எட்டு மாதம் ஆனது. அதுவரை அந்தக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவ்வளவு நாள் ஆக்காதீர்கள், அம்மா.