மட்டம் என்றால் மட்டமா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'லெவல்' என்ற ஒரே சொல் அணைத் தண்ணீருக்கும் வருகிறது, கொத்தனார் கருவிக்கும் வருகிறது, குற்றச்சாட்டுக்கும் வருகிறது. நாம் 'மட்டம்' என்று எழுதினால் 'மட்டமான சரக்கு' நினைவுக்கு வருகிறது. தமிழில் சரியான சொல் இல்லையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இருக்கிறது, ஒன்றுக்குப் பல. எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடுவதுதான் கோளாறு. சிறு தராசைக் குறித்த லத்தீன் சொல்லான 'லிபெல்லா'விலிருந்து வந்தது லெவல். சமன் என்பதுதான் மூலப்பொருள். உயரமும் தகுதியும் பிறகு ஏறியவை. எழுதும் இடத்தில் மூன்றில் எது என்று முதலில் பாருங்கள்.

'மட்டமான' என்பதில்தான் இழிவு இருக்கிறது. நீர்மட்டம், கடல்மட்டம், உயர்மட்டக் குழு என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மட்டத்தைத் தனியாக விடாதீர்கள், அவ்வளவுதான்.

மேட்டூர் செய்தியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நீர்மட்டம் 120 அடி என்றால் அணை நிரம்பியது, இருப்பு 93.47 டி.எம்.சி. 'லெவல் பாதியாகிவிட்டது' என்று எழுதினால் தண்ணீரும் பாதி இருப்பதாக டெல்டா விவசாயி கணக்குப் போடுவார். நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே விரிவது. 60 அடியில் இருப்பு கால் பங்குக்குச் சற்று மேல்தான். உயரத்துக்கு நீர்மட்டம், கொள்ளளவுக்கு நீர் இருப்பு. இதைக் கலக்கவே கூடாது.

கொத்தனார் பேச்சைக் கவனியுங்கள். 'லெவல் பாரு' என்றால் ரசமட்டம் என்ற குமிழிக் கருவியை வைத்துச் சோதிப்பது. 'லெவல் எடு' என்றால் ஒரு சுவரில் போட்ட குறியை அடுத்த சுவருக்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் மூலம் கொண்டுபோவது. 'லெவல் பண்ணு' என்றால் பள்ளத்தை நிரப்புவது. ஒரு பெயர்ச்சொல், வினைதான் வேலையைப் பிரிக்கிறது. டியூபில் ஒரு குமிழி தங்கினாலும், ஒரு முனையை விரல் மூடியிருந்தாலும் குறி தப்பும். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குறி போடுவார்கள்.

வயலில் இதே வேலைக்குப் பரம்படிப்பது என்று பெயர். சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, பரம்படிக்காத நிலத்தில் நேரடி விதைப்பு செய்தால் பள்ளத்தில் விதை அழுகும், மேட்டில் களை முந்தும். 'நிலத்தைச் சமநிலைப்படுத்தவும்' என்று எழுதுபவர் வரப்பில் நிற்கும் யாரிடமாவது ஒரு முறை கேட்டிருக்கலாம்.

சமையல் குறிப்பில் 'லெவல் டீஸ்பூன்' வந்தால் 'தலைதட்டி ஒரு தேக்கரண்டி' என்று எழுதுங்கள். மரக்காலில் நெல்லைத் தலைதட்டி அளந்த ஊருக்கு இதைப் புதிதாகச் செய்யவேண்டாம்.

மரபுத்தொடர்களில் மட்டமே தேவையில்லை. குற்றச்சாட்டை 'லெவல்' செய்வது குற்றம் சாட்டுவது. 'லெவல் ஹெட்டட்' நிதானமானவர். 'லெவல் வித் மீ' என்றால் ஒளிக்காமல் சொல்லு. 'லெவல் பெஸ்ட்' மட்டும் விலக்கு: 'என்னால் ஆனமட்டும்' என்று எழுதினால், அளவைக் குறிக்கும் மட்டு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.