ஆண்டு 4 படிக்கும் மகளுக்குத் தமிழ்ச் சொல்வளம் குறைவு. வகுப்பிலும் வீட்டிலும் என்ன செய்யலாம்?

சொல்வதெழுதுதலில் முழுப் புள்ளி வாங்குகிறாள், கட்டுரையில் மட்டும் பழகிய நாலு சொல்லைத் தாண்ட மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன். உங்கள் மகளைப் போலப் பத்துப் பேராவது என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள்.

தொடக்கத்தில் நானும் தினம் பத்துச் சொல், பக்கத்தில் பொருள் என்றுதான் எழுதிப் போட்டேன். பாடநூலில் திருக்குறள், பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் வரும் 'செய்யுளும் மொழியணியும்' பகுதியையும் அப்படியே ஒப்பிக்க வைத்தேன். ஒருநாள் ஒரு பையன் எழுதினான்: 'எங்கள் வீட்டுப் பூனை கண்ணும் கருத்துமாகத் தூங்கியது.' பொருளைக் கேட்டால் பிசகாமல் சொல்கிறான். அந்தச் சொல்லை யாராவது பேசி அவன் காதால் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கவனித்தேன், பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்தான் பஞ்சம். சட்டை போடு, சண்டை போடு, படம் போடு. மிச்சத்துக்கெல்லாம் 'பண்ணு'. சமையலறையில் இன்னும் மோசம். மலாயில் பீசாங் கோரெங், காச்சாங் கோரெங் எல்லாமே கோரெங். தமிழில் வாழைப்பழத்தைப் பொரிக்கிறோம், கடலையை வறுக்கிறோம். இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது, அடுப்புப் பக்கம் நிறுத்த வேண்டும். கீரையை ஆய்ந்து கொடு, வெங்காயத்தை நறுக்கு, அரிசியைக் களைந்து வை, மாவைச் சலி, சோற்றை வடி என்று வேலை வாங்கிக்கொண்டே பேசுங்கள். ஒரு மாதத்தில் இருபது வினைச்சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். சந்தைக்கும் கூட்டிப் போங்கள். பேரியா என்ற மலாய்ப் பெயர் தெரிந்த பிள்ளைக்குப் பாகற்காய் என்ற பெயர் தெரியாது. காயைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொன்னால் போதும்.

வகுப்பில் இப்போது ஒரு வாரத்துக்கு ஒரே வேர்தான். 'நட' என்று பலகையில் எழுதிவிட்டு விட்டுவிடுவேன். நடை, நடத்து, நடத்தை, நடைபாதை, நடைமுறை என்று அவர்களே கொண்டுவருவார்கள். 'நடிகர்' என்று ஒருவன் கத்துவான். அது 'நடி'யில் பிறந்தது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மலாயைப் பகையாகப் பார்க்காதீர்கள். காப்பால் நம் கப்பல், கெடாய் நம் கடை, காத்தில் நம் கட்டில். வியாபாரத்தில் போடும் பணத்துக்கு மோடால் என்கிறார்களே, அது நம் 'முதல்'. 'முதல்' என்றால் ஒன்றாம் இடம் என்று மட்டும் நினைத்திருந்த என் பிள்ளைகள் அன்றைக்கே முதலீடு, முதலாளி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, வாசிப்பு. தினம் பத்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவள் கேட்கட்டும். ஆண்டு 4 பிள்ளைக்கு இன்னும் கதை வாசித்துக் காட்டணுமா என்று சில பெற்றோர் சிரிக்கிறார்கள். காட்டணும். நடுவில் நிறுத்தி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டால் மறுநாள் புத்தகத்தைக் கண்டதும் ஓடிவிடுவாள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

பேச்சில் திருத்துவதும் அப்படித்தான். 'அப்பா, ஜாலானில் லாரி ஆக்சிடென்ட் ஆச்சு' என்று ஓடி வந்தால், 'தமிழில் சொல்லு' என்று அதட்டாதீர்கள். 'அப்படியா, சாலையிலா? எதன்மீது மோதியது?' என்று கேளுங்கள். அவள் பதிலில் அநேகமாக 'மோதியது' வந்துவிடும்.