பெல்ஜியம் ப்ளாண்ட் அபே பீர்: கேள்வி பதில்

கேள்வி: ப்ளாண்ட் அபே பீரில் (மடத்துப் பெயரில் வரும் பொன்னிற பீர்) வாழைப்பழமும் கிராம்பும் மணக்கிறதே அண்ணா, எசென்ஸ் ஏதும் கலக்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் கலப்பதில்லை தம்பி, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. நொதிக்கும்போது அது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரை, அதாவது பழ மணம் தரும் வேதிப்பொருளை, உண்டாக்கும். வாழைப்பழ மணம் அதுதான். கிராம்பு மணம் 4-வினைல் குவாயகால் என்ற ஃபீனாலில் (மசாலா மணம் தரும் வேதிப்பொருள்) இருந்து வருகிறது. லாகர் பீரைக் குளிர்ச்சியில் நொதிக்க வைப்பார்கள், அதனால் அங்கே பழ மணம் எழாது. ப்ளாண்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் நொதிப்பது. அதற்காக மணம் மூக்கைத் துளைக்கக் கூடாது. ப்ளாண்ட் என்றால் அடக்கி வாசிக்க வேண்டும்.

கேள்வி: தேன் போல இனிக்கிறது. சர்க்கரையை அள்ளிப் போடுவார்களோ?

பதில்: சர்க்கரை சேர்ப்பதுண்டு, ஆனால் இனிப்புக்காக இல்லை. ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். பீரும் கனக்காமல் லேசாக இருக்கும். அந்தத் தேன், ரொட்டிச் சுவை பில்ஸ்னர் மால்ட்டுடையது (முளைகட்டி உலர்த்திய வெளிர் நிற பார்லி). ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பும் குறைவு, கசப்பை அளக்கும் ஐபியு அலகில் 15 முதல் 30தான். முதல் வாய் இனித்தாலும் விழுங்கிய பிறகு நாக்கில் இனிப்பு தங்கக் கூடாது. பாகு போல ஒட்டுகிற சில பிராண்டுகள் உண்டு, எனக்கு அவை ஆகாது.

கேள்வி: துறவிகளே காய்ச்சுவதா சார்?

பதில்: அது ட்ராப்பிஸ்ட் (ஒரு கத்தோலிக்கத் துறவிகள் சபை) முத்திரை உள்ளவற்றின் கதை. அவற்றை மடத்து வளாகத்தில், துறவிகள் மேற்பார்வையில்தான் காய்ச்ச வேண்டும். ‘அபே’ என்பது பல இடங்களில் மடத்தின் பெயரை உரிமம் வாங்கிப் பயன்படுத்துவது. உதாரணத்துக்கு, லெஃப் மடம் 1152இல் பெல்ஜியத்தின் டினான் ஊர் அருகே தொடங்கியது. 1952இல் மடாதிபதி வெளி ஆலைக்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டார். இன்று லெஃப் பீர் வருவது லூவன் நகரத்துப் பெரிய ஆலையிலிருந்து. மடத்துக்கு ராயல்டி போகிறது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் லேபிளில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கேள்வி: ட்ரிப்பலும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: நிறம் ஒன்று, போதையின் வேகம் வேறு. ப்ளாண்டில் ஆல்கஹால் 6 முதல் 7.5 சதவீதம், அதைவிடக் கடுமையான ட்ரிப்பல் வகையில் வெஸ்ட்மல்லே என்ற பிராண்டில் 9.5.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்துக் குடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், மணமெல்லாம் அமுங்கிவிடும். 6–8 டிகிரி செல்சியஸ் போதும், வாயகன்ற கிளாஸில் நுரை எழும்ப ஊற்றுங்கள். பாட்டிலிலேயே மறுபடி நொதித்த வகையாக இருந்தால் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். கெடுதல் இல்லை, தெளிவாக வேண்டுமென்றால் கடைசிச் சொட்டுகளை விட்டுவிடுங்கள்.