மண்ணுக்குள் கிடைத்த கார்ட்டியே காப்பு: அசலா, போலியா?

கேள்வி: இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பியின் மகன், அங்கே தான் பாவிக்கும் உலோகம் தேடும் கருவியால் எங்கள் வளவைச் சோதித்தபோது, வேலியோரம் ஓரடி ஆழத்தில் ஒரு தங்கக் காப்புக் கிடைத்தது. வெளிப்புறத்தில் திருகாணித் தலை போன்ற கோலங்களும், உட்புறத்தில் ‘கார்ட்டியே’ என்ற ஆங்கில எழுத்துகளும், 750, 17 என்பவற்றோடு ஒரு நீண்ட இலக்கமும் உள்ளன. நகைக்கடைக்காரர் ‘மட்டத் தங்கம்’ என்கிறார். மருமகனோ பெரும் விலை பெறும் என்கிறார். எதை நம்புவது?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்கள் விவரிக்கும் அமைப்பு, அல்டோ சிப்புல்லோ 1969 இல் நியூயோர்க்கில் கார்ட்டியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘லவ்’ காப்பினுடையது. மிக அதிகமாகப் போலி செய்யப்படும் நகைகளில் அதுவும் ஒன்று. இது தங்கமா, கார்ட்டியே செய்ததா, யாருடையது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைக்கும் விடையை மற்றொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில், புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றுங்கள். பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது ஒருவகையில் உங்களுக்கு உதவியாகவே இருக்கும். பித்தளைக்குத் தங்க முலாம் பூசியிருந்தால், எழுத்து வெட்டிய பள்ளங்களிலும் தேய்ந்த ஓரங்களிலும் பச்சைக் களிம்பு பிடித்து, முலாம் கொப்புளித்து எழுந்திருக்கும். செம்மண்ணின் துருக்கறை மேலே படிந்திருப்பது வேறு விடயம். அது நகையிலிருந்து வந்ததல்ல.

நகைக்கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 22 கரட் பவுணில் பழகிய நமக்கு 18 கரட் மட்டமாகத்தான் தெரியும். ஆனால் 750 என்பது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம் என்பதைக் குறிக்கிறது. ஐரோப்பியப் பெருநிறுவனங்களின் நகைகளில் பெரும்பாலானவை இந்தத் தரத்தில்தான் செய்யப்படுகின்றன. அடகுக்கடையில் தங்கத்துக்கு மட்டுமே விலை போடுவார்கள். செய்தவரின் பெயருக்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே பெயர் உறுதியாகும்வரை விற்கவோ உருக்கவோ வேண்டாம். உரைகல்லில் உரைத்து அமிலம் இடுவதாயின், எழுத்துகளுக்கு அருகில் உரைக்க விடாதீர்கள், அராவவும் விடாதீர்கள்.

நகைக்குச் சேதமில்லாத சோதனை ஒன்று உண்டு. நுட்பமான தராசில் காப்பை முதலில் நிறுத்து, பின்னர் நூலில் கட்டி, பாத்திரத்தைத் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். 31 கிராம் காப்பு நீருக்குள் 29 கிராம் காட்டினால், குறைந்த 2 ஆல் 31 ஐப் பிரிக்க 15.5 வரும். மஞ்சள் நிற 18 கரட் தங்கத்தின் அடர்த்தி 15 க்கும் 16 க்கும் இடையில் நிற்கும். பித்தளையாயின் நீரில் மூன்றரைக் கிராமுக்கு மேல் குறையும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்பதால், நீருக்குள் மெல்ல அசைத்துவிட்டு நிறுங்கள். எக்ஸ்ரே கதிரால் கலவையைக் காட்டும் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே வாசிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றலாம். ஆகையால் இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும்.

இவற்றில் தேறினாலும் அது கார்ட்டியே என்றாகிவிடாது. உண்மையான 18 கரட் தங்கத்திலேயே செய்யப்பட்ட போலிகளும் புழங்குகின்றன. 17 என்பது காப்பின் உட்சுற்றளவைச் சென்ரிமீற்றரில் குறிக்கும் அளவு. நூலால் அளந்து பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் வில்லையினூடாகப் பார்த்தால் எழுத்துகள் ஒரே ஆழத்தில், கூரிய விளிம்போடு, சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். பிரான்சில் முத்திரையிடப்பட்டதாயின் 18 கரட்டுக்குரிய கழுகுத் தலையும், செய்தவரைக் குறிக்கும் சாய்சதுர முத்திரையும் மிகச் சிறிதாகக் காணப்படும். வேறு நாட்டில் செய்யப்பட்டவற்றில் அவை இல்லாதிருக்கலாம். இலக்கத்தை மட்டும் நம்புவது ஆபத்து, ஏனெனில் ஓர் அசல் காப்பின் இலக்கத்தையே பல போலிகளில் வெட்டிவிடுகிறார்கள். முடிவான சொல்லைக் கார்ட்டியே கடையில் நேரில் காட்டித்தான் பெற வேண்டும். அதற்கு முன்னர், கார்ட்டியேயின் தாய் நிறுவனமான ரிச்மொண்ட் 2023 இல் தொடங்கிய ‘என்குவிரஸ்’ என்ற இணையப் பதிவேட்டில், இந்த இலக்கமுடைய நகை தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ பதிவாகியுள்ளதா என மருமகன் பார்க்கலாம்.

உரிமையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். போரின் இறுதிக் கட்டமான 2009 இன் தொடக்க மாதங்களில் உங்கள் பகுதியில் ஒவ்வொரு வளவிலும் எத்தனையோ குடும்பங்கள் தறப்பாளின் கீழ் இருந்தன. கையிலிருந்ததைப் புதைத்துவிட்டு நகர்ந்தவர்கள் பலர். காணி உங்களுடையது என்பதால் காப்பும் உங்களுடையதாகிவிடாது. பிறர் பொருளென்று தெரிந்தும் தனதாக்கிக்கொள்வது சட்டப்படியும் குற்றம். கிராம அலுவலருக்கு அறிவித்து, பொலிசில் முறைப்பாட்டுப் பதிவு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அக்காலத்தில் உங்கள் வளவில் தங்கியிருந்தவர்களை விசாரியுங்கள். ஆனால் அளவையும் இலக்கத்தையும் வெளியிடாதீர்கள். உரியவர் வந்தால் அவற்றை அவரே சொல்லட்டும்.

மருமகன் கருவியை இனி எடுக்கக் கூடாது. நகைக்கு ஒலிக்கும் அதே ஒலிதான் வெடிபொருளுக்கும் ஒலிக்கும். உலோகம் மிகக் குறைந்த மிதிவெடிக்கோ அது ஒலிக்காமலே போகலாம். அனுமதியின்றிப் புதையல் தேடுவதாகக் கைதாகவும் நேரிடும்.

கேள்வி: கிணறு இறைத்தபோது சேற்றிலிருந்து ஒரு சங்கிலி வந்தது. முக்கோண முத்திரையும், 22K916 என்பதும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு எழுத்தெண்களும் உள்ளன. இது போர்க்காலத்தில் தொலைந்ததாக இருக்குமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: இருக்க முடியாது. முக்கோணம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை. ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் 2021 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அண்மையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களிடம் விசாரியுங்கள். அந்த அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த ஆறையும் இட்டால், நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட நிலையம் ஆகியவை தெரியவரும். அவை சங்கிலியோடு பொருந்தாவிட்டால் முத்திரை போலி.